பரலோக நம்பிக்கை உள்ளவர்கள் அழலாமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் இவ்வாண்டு லெந்து நாட்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பெட்டி கூடத்தில் இருந்தபோது என் சித்தி வாய்விட்டு அழுது, அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி முறையிடத் தொடங்கினார்கள். சபை மூப்பர் ஒருவர் உடனே கையமர்த்தி, "நம்பிக்கையற்றவர்களைப் போல அழக் கூடாதம்மா, அக்காள் பரலோகத்தில் இருக்கிறார்கள், எல்லாரும் பாட்டைப் பாடுங்கள்" என்றார். சித்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தோள்கள் குலுங்க உட்கார்ந்திருந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதன் பிறகு அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அதுவே நல்ல சாட்சி என்று சபையார் அவரைப் புகழ்கிறார்கள்.

என் கேள்வி இரண்டு. பரலோகத்தை நம்புகிறவர்கள் அழாமலிருக்கக் கடமைப்பட்டவர்களா? அடக்க ஆராதனை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த நம்பிக்கையோடு வாழ்வது என்றால் நடைமுறையில் என்ன பொருள்? ஆறுதல் வசனங்களை அனுப்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்; அவை கைப்பேசி நிறைய இருக்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அன்பு மகளே, வசனம் வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் உங்கள் சித்தியின் வாயை அடைத்தது ஒரு வசனம் என்பதால், அதை அதன் இடத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பவுல் தெசலோனிக்கேயருக்கு முதல் நிருபத்தை எழுதியது ஏறத்தாழ கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டில். அந்தச் சபை தோன்றிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கர்த்தர் தங்கள் காலத்திலேயே திரும்பி வருவார் என்று காத்திருந்த அவர்கள் நடுவே சிலர் இறந்துபோக, 'இறந்தவர்கள் அந்த வருகையில் பங்கில்லாமல் போய்விடுவார்களோ' என்ற கலக்கம் உண்டாயிற்று. அந்தக் கலக்கத்துக்குத்தான் பவுல் பதில் சொல்கிறார். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" அறிவில்லாதிருக்கத் தமக்கு மனதில்லை என்கிறாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அந்தப் பகுதி முடிவதும் 'இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள்' என்றுதான். தேற்றுவதற்குக் கொடுக்கப்பட்டதை வாயடைக்கப் பயன்படுத்துகிறோம்.

இயேசு லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைக் காட்டிலும் பரலோகத்தைப் பற்றி ஐயமற்றுச் செத்தவர் யார்? வானங்கள் திறந்திருப்பதைக் காண்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செத்தவர் அவர். அப்படியிருந்தும் "தேவபக்தியுள்ள மனுஷர் ஸ்தேவானை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று லூக்கா எழுதுகிறார். அழுதவர்களைத் தேவபக்தியற்றவர்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. "சாவு எனக்கு ஆதாயம்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், சாகுந்தருவாயில் கிடந்த எப்பாப்பிரோதீத்து பிழைத்துக்கொண்டதைச் சொல்லும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு' தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். தன் சாவைப் பற்றி ஒருவன் அப்படிப் பேசலாம். நண்பனின் சாவைப் பற்றி அப்படிப் பேச அவருக்கு வாய் வரவில்லை. அடக்க வீடுகளில் பேசும் நம் மூப்பர்களுக்கு முதல் அதிகாரம் மனப்பாடம். இரண்டாம் அதிகாரத்தை யாரும் திறப்பதில்லை.

முத்துக்குளித்துறை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, கத்தோலிக்க மரபிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்க விரும்புகிறேன். புனித அகுஸ்தினார் தம் தாய் மோனிக்காவின் மரணத்தைப் பற்றி எழுதியவற்றைப் படித்தால், பொருநைக்கரை அவர்களின் வீட்டுக் கூடத்தையே படிப்பது போலிருக்கும்.

ஆண்டு 387. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுவதற்காக உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் தாயும் மகனும் தங்கியிருக்கிறார்கள். தோட்டத்தை நோக்கிய சாளரத்தில் இருவரும் சாய்ந்து நின்று, புனிதர்களின் நிலைவாழ்வு எத்தகையதாக இருக்கும் என்று நெடுநேரம் பேசுகிறார்கள். அடுத்த சில நாட்களில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்து, ஒன்பதாம் நாள், தம் 56ஆம் வயதில் இறந்துபோகிறார். அகுஸ்தினார் அவர் கண்களை மூடுகிறார். சிறுவனான பேரன் அதேயோதாத்துஸ் 'ஓ'வென்று கதறுகிறான். எல்லாரும் சேர்ந்து அவனை அடக்கிவிடுகிறார்கள். அழுகையும் புலம்பலும் கெட்ட சாவுக்கு உரியவை, அம்மா முற்றிலுமாகச் சாகவில்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு எவோதியுஸ் என்ற நண்பர் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் எல்லாரும் மறுபாட்டுப் பாடுகிறார்கள். அழுகையை அமர்த்துவது, காரணம் சொல்வது, பாட்டு எடுப்பது ஆகிய மூன்றும் அதே வரிசையில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கின்றன.

அகுஸ்தினார் அடக்கத்துக்குச் சென்று கண்ணீரின்றித் திரும்புகிறார். உள்ளே இருந்த துயரம் போகவில்லை. குளித்தால் துக்கம் நீங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுக் குளித்துப் பார்க்கிறார்; எப்படிப் போனாரோ அப்படியே வெளியே வருகிறார். தூங்கி எழுந்து, படுக்கையில் தனியாக இருக்கையில், ஆயர் அம்புரோசியாரின் மாலைப்பாடல் நினைவுக்கு வருகிறது. தாயின் அன்பும் பொறுமையும் ஒவ்வொன்றாக மனத்தில் எழ, அடக்கி வைத்திருந்த கண்ணீரை ஓட விடுகிறார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின், ஆயராக இருந்துகொண்டு இதை எழுதும்போது, தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைப் பாவமென்று நினைக்கிறவர் என்னை நகைக்க வேண்டாம், அன்புடையவராயின் என் பாவங்களுக்காக அவரும் அழட்டும் என்கிறார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநருக்கே அழுததற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்திருக்கிறது என்றால், உங்கள் சித்தி எம்மாத்திரம்!

மோனிக்கா சொன்ன ஒன்று உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பொருந்தும். கணவர் பத்ரீசியுஸின் அருகில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று நெடுங்காலம் ஆசைப்பட்டு, அதற்கான இடத்தையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். இறுதியில், அந்நிய மண்ணில் உடலை விட்டுச் செல்ல அச்சமில்லையா என்று நண்பர்கள் கேட்டபோது, கடவுளுக்கு எதுவும் தொலைவில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடாது என்று பதில் சொன்னார். அவர் நம்பிக்கை அந்தப் பழைய ஆசையின் பிடியைத் தளர்த்திவிட்டது. 1945இல் ஓஸ்தியாவில் ஒரு கோவிலை ஒட்டிய முற்றத்தில் சிறுவர்கள் குழி தோண்டியபோது, அவருடைய கல்லறைக் கல்வெட்டின் உடைந்த துண்டு ஒன்று வெளிப்பட்டது. இது விவாதத்துக்குத் தேவையில்லாத செய்திதான். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

அழுவதா வேண்டாமா என்பது வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ளக்கூடியது. என் சிக்கல் வேறு. நான் ஞானஸ்நானம் பெற்றவன். இப்போது ஆலயத்துக்குப் போவதில்லை. ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் தொகுப்பூதியத்தில் பணியாற்றினேன். பல மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. கேட்கப் போனபோது நிர்வாகி, "ஊழியம் என்று நினைத்துச் செய்யுங்கள் தம்பி, பலன் பரலோகத்தில் இருக்கிறது" என்றார். அவருடைய சம்பளம் மட்டும் பரலோகத்துக்குத் தள்ளிவைக்கப்படவில்லை.

மதம் மக்களின் அபின் என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதை இங்கே பலரும் வெறுப்போடு நினைவுகூர்வீர்கள். என் அனுபவத்தில் அதை மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருப்பவன் இல்லாதவனிடம் 'பொறு, அங்கே கிடைக்கும்' என்று சொல்வதற்கு உதவுவதே பரலோக நம்பிக்கையின் முதன்மையான பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய நூலகர் எழுதியது:

கேள்விக்குறி அவர்களே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் முடிவோடு பொருந்தாத ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த அதே 1807ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று இலண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. முழு வேதாகமம் அல்ல, பொறுக்கி எடுத்த பகுதிகள். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் நீக்கப்பட்டிருந்தன. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகிப் புறப்பட்ட வரலாறு இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்னும் கலாத்தியர் வசனம் இல்லை. இவை நாம் எதிர்பார்க்கக்கூடியவையே. எனக்கு வியப்பளித்தது வேறொன்று: வெளிப்படுத்தின விசேஷமும் முழுவதுமாக எடுக்கப்பட்டிருந்தது.

சற்று யோசியுங்கள். புதிய வானம், புதிய பூமி, கண்ணீர் யாவும் துடைக்கப்படும் நாள் ஆகியவை வேதாகமத்தில் மிக விரிவாக இருப்பது அந்தப் புத்தகத்தில்தான். பரலோக நம்பிக்கை வெறும் அபின் என்றால், தோட்ட முதலாளிகளின் உலகத்துக்காக அச்சிடப்பட்ட வேதாகமத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டுமாவது விட்டுவைத்திருக்க வேண்டாமா? அதே புத்தகத்தின் 18ஆம் அதிகாரத்தில், மகா நகரமாகிய பாபிலோன் விழும்போது வியாபாரிகள் தங்கள் சரக்கை வாங்குவார் இல்லையே என்று புலம்புகிறார்கள். அந்தச் சரக்குகளின் பட்டியல் பொன்னில் தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. மனிதரை விலைக்கு விற்ற தீவுகளில் அந்தப் பட்டியலை உரக்க வாசித்தால் என்ன ஆகும் என்பதைத் தொகுத்தவர்கள் நன்றாகவே அறிந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஜமேக்காவில் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதை முன்னின்று நடத்திய சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, பாப்திஸ்து சபையின் உதவிக்காரர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபின் கூலி கொடுத்தாலன்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே அவருடைய திட்டம். உங்கள் நிலுவைச் சம்பளத்தை எழுதிய இழையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 1832 மே மாதத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தூக்குமேடை கண்ணுக்கு நேரே தெரிந்தும் அவர் பின்வாங்காததற்கு, உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் நம்பியதையும் ஒரு காரணமாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

புத்தகத்தைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் ஒரு ஷார்ப்புக்கு எதிரே எத்தனை நிர்வாகிகள் என்று எண்ணிப் பாருங்கள். மேலும், முடிவேயில்லாத வாழ்வு யாருக்கு உண்மையில் வேண்டும்? என்றென்றும் பாடிக்கொண்டே இருப்பதை நினைத்தால் எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது.

முத்துக்குளித்துறை எழுதியது:

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பர் 30 அன்று எதிர்நோக்கைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் இதே கேள்வியை அவரே எழுப்புகிறார். இப்போதுள்ள வாழ்வு அப்படியே முடிவின்றி நீள்வது வரத்தைவிடச் சாபமாகவே தோன்றும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே செல்கிறார். ஆகவே உங்கள் அச்சம் நம்பிக்கைக்கு எதிரானது அன்று. ஆயினும் பலர் வாக்குறுதியளிக்கப்பட்டதைக் காலத்தின் நீளமாக மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். அது அன்பின் நிறைவு. அதற்குக் கடிகாரக் கணக்கு பொருந்தாது.

இரவுப்பணி எழுதியது:

நான் வலிநிவாரணப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இந்த இழையை இரவுப் பணியின் இடைவேளைகளில் படித்து வந்தேன். பெரியவர்கள் நூல்களிலிருந்து எழுதினீர்கள். நான் கட்டிலருகில் பார்த்ததை எழுதுகிறேன்.

இறுதிக் கட்டத்தில் இருக்கும் விசுவாசிகள் பலர் பயப்படுகிறார்கள். அதைப் போதகரிடமோ பிள்ளைகளிடமோ சொல்ல மாட்டார்கள். விளக்கை அணைத்த பிறகு செவிலியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது, அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா?' என்று கேட்பார்கள். அவர்களுடைய வேதனையில் பாதி நோயினால் வருவது. மறுபாதி, பயப்படக் கூடாதே என்ற பயத்தினால் வருவது. இயேசுவும் கெத்செமனேயில் வியாகுலப்பட்டார் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு மூதாட்டிக்கு மகன் வெளிப்படுத்தின விசேஷம் 21ஐ வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தலையைத் திருப்பித் திருப்பிப் படுத்தார்கள். வலி என்று நினைத்து நான் குனிந்து கேட்டபோது, "சீட்டுப் பணம் கடைசித் தவணை கட்டியாயிற்றா, கேட்டுச் சொல்" என்றார்கள். மகன் சிரித்துவிட்டு, கட்டிவிட்டதாகச் சொல்லி ரசீதைக் கைப்பேசியில் காட்டினார். அதன் பிறகு, "இப்போது வாசி" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த அம்மாளிடம் நம்பிக்கைக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. கர்த்தர் சிலுவையில் தொங்கும்போதே தம் தாயை யோவானின் பொறுப்பில் ஒப்படைத்தாரே, அதுவும் வீட்டுக் கணக்குத்தானே!

கேள்விக்குறி அண்ணனுக்கு ஒரு செய்தி. இன்றைய வலிநிவாரணப் பராமரிப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார். செவிலியாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவமும் படித்து, 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவர். இறந்துகொண்டிருப்பவர்களைப் பயணிகளாகக் கண்டதால்தான், பயணிகளின் பாதுகாவலரான புனிதரின் பெயரை இல்லத்துக்கு வைத்தார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பது அக்கால வழக்கம். வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடி நிலைநாட்டினார். அபின் என்று பழிக்கப்பட்ட நம்பிக்கையே ஒரு மருத்துவரை அபினிலிருந்து எடுக்கும் மருந்தை ஒழுங்காகக் கொடுக்கச் செய்திருக்கிறது. எங்கள் பிரிவிலோ, "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஊசி வேண்டாம்" என்று சொல்லும் உறவினர்களோடு வாரந்தோறும் வாதாட வேண்டியிருக்கிறது.

நெறியாளர்:

உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவர்களின் ஆத்துமாக்கள் பரலோகம் சேருமுன் தூய்மையாக்கப்படும் நிலை) உண்டா இல்லையா என்பது பற்றிய பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. அங்கே தொடருங்கள்.

பழைய நூலகர் எழுதியது:

நெறியாளருக்கு நன்றி, அந்தச் சண்டை கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் ஆகிய இருசாராருக்கும் நன்றாகத் தெரிந்த சண்டை. இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். ஞாயிறுதோறும் நாம் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் 'செத்தபின் பரலோகத்துக்குப் போவேன்' என்ற வாசகம் கிடையாது. சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்தான் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலும் மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை. புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது. உடலும் பூமியும் கடைசியில் கழித்துக் கட்டப்படுபவை என்று நினைத்தால், வலிக்கு மருந்தும் தேவையில்லை, சம்பள நிலுவையும் பொருட்டில்லை. அவை எழுப்பப்பட்டுப் புதுப்பிக்கப்படும் என்று நம்பினால் இரண்டும் தேவனுடைய காரியங்களாகிவிடுகின்றன. உயிர்த்தெழுதலைப் பற்றி 58 வசனங்கள் எழுதிய பவுல், 1 கொரிந்தியர் 15ஐ வானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று முடிக்காமல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் வீணாகாது என்று முடித்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முத்துக்குளித்துறை ஐயாவின் பதிவைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பேரப்பிள்ளையை ஏன் அதட்டினார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. அழாமல் இருப்பதே நம்பிக்கை என்று அவர் உறுதியாக இருக்கிறார்; அதை நான் கலைத்தால், அவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் பறித்தவளாகிவிடுவேனோ என்று தயங்குகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

கலைக்க வேண்டாம், மகளே. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் வரிசைப்படுத்துகிறார். நம்பிக்கை அந்த வரிசையின் கடைசியில் வருகிறது. அடக்கத்தன்றே அதை எல்லாரிடமும் கேட்டு வாங்க முயல்வதுதான் நம் சபைகளின் பிழை. உங்கள் தந்தை வரிசையின் நடுவில் எங்கோ இருக்கிறார். யோபுவின் நண்பர்கள் வாய்திறந்த பிறகுதான் கெட்டார்கள். அதற்கு முன் ஏழு நாள் அவரோடு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது அவர்கள் செய்த நல்ல காரியம். ஞாயிறு மதியம் போய் அவரோடு சாப்பிடுங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் இயல்பாகப் பேசுங்கள். அவரைப் பேச வைக்க முயல வேண்டாம்.

தம்பி கேள்விக்குறி, உங்கள் நிலுவையை நான் மறக்கவில்லை. கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. பள்ளி நிர்வாகங்களோடு எனக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. நியமனக் கடிதம், வருகைப் பதிவு, சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களைத் தனிமடலில் அனுப்புங்கள். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.

கேள்விக்குறி எழுதியது:

அனுப்புகிறேன், ஐயா. விண்ணப்பத்தில் யாக்கோபையும் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

முதல் விண்ணப்பத்தில் வேண்டாம். தேதியும் தொகையும் போதும். பதில் வராவிட்டால் இரண்டாவதில் சேர்ப்போம்.